ப்ராஜெக்ட்டுக்குக் கட்டுரை தேடுவது எப்படி? செட்டிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் நேரம் வந்துவிட்டால் நூலகத்துக்குக் கூட்டம் வந்துவிடும். கேள்விகள் மட்டும் வருடா வருடம் அதேதான். கல்லூரி நூலகர் என்ற முறையில் நான் அன்றாடம் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் நம் ஊர்த் தலைப்புகள். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

கூகுளில் தேடினால் போதாதா?

முதல் நாளுக்குப் போதும். தலைப்பு என்ன ஏது என்று பிடிபட அது நல்ல வழி. அதற்குப் பிறகு போதாது. ‘செட்டிநாடு’ என்று அடித்துப் பாருங்கள். கோழிக் குழம்பு, ஓட்டல், சுற்றுலா, சிமெண்ட் என்று வரிசையாக வரும். ஆய்வுக் கட்டுரை எங்கோ அடியில் கிடக்கும். நூலக டேட்டாபேஸில் யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த இதழ், என்ன பொருள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். அதனால் ‘தலைப்பில் மட்டும் தேடு’, ‘2010-க்குப் பிறகு வந்ததை மட்டும் காட்டு’ என்று கேட்க முடியும். கைடு கேட்கும்போது எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவும் முடியும்.

கூகுள் ஸ்காலர் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அதில் வருவதெல்லாம் தரமான இதழ்தான் என்று நம்பிவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் அதில் சேர்ந்தே வரும்.

எங்களுக்கு என்னென்ன டேட்டாபேஸ் கிடைக்கும்?

கல்லூரியைப் பொறுத்தது. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பலவற்றுக்கு கல்லூரிகளுக்கு மின்னிதழ், மின்னூல் தரும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டம் இருக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் நூலகத்தில் வாங்கிக்கொண்டால் வீட்டிலிருந்தே திறக்கலாம். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்துவிட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் உண்டு. உங்கள் கல்லூரி எதில் சேர்ந்திருக்கிறது என்று நூலகரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமலேயே படிப்பை முடித்துப் போகிறவர்கள்தான் அதிகம். அது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் எல்லோருக்கும் திறந்திருப்பவை: இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா, கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம், திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களுக்கு டிஓஏஜே, தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஆய்விதழ்களின் மின்தொகுப்பான ஜேஸ்டோரில் மின்னஞ்சல் கொடுத்து இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். ஆனால் அதில் பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் இருக்காது. புதியதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

தலைப்பை அப்படியே அடித்தேன், ஒன்றுமே வரவில்லை. என்ன செய்வது?

இதுதான் முக்கியமான கேள்வி. மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

டேட்டாபேஸுக்கு உங்கள் கேள்வி புரியாது. கட்டுரை எழுதியவர் என்ன சொல் போட்டாரோ அந்தச் சொல்லை நீங்களும் போட்டால்தான் கட்டுரை கையில் வரும். ஆகவே தேடலில் பாதி வேலை, நம் விஷயத்துக்கு மற்றவர்கள் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது.

வரலாறு படித்த ஒரு மாணவியின் தலைப்பை எடுத்துக்கொள்வோம்: ‘1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் நகரத்தார் வட்டித்தொழில்’. இதை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக ஜேஸ்டோரில் அடித்தார். சம்பந்தமில்லாத நான்கைந்து வந்தன. பிறகு ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டோம்: ஆட்கள், இடம், விஷயம்.

ஆட்கள் கட்டத்தில் முதலில் ‘நகரத்தார்’ என்று எழுதினார். ஆங்கிலக் கட்டுரைகளில் ‘நாட்டுக்கோட்டை செட்டியார்’ என்பதுதான் கூடுதல். அதிலும் நாட்டுக்கோட்டைக்கு ஒரு கே போட்டு எழுதுபவர் உண்டு, இரண்டு கே போடுபவரும் உண்டு, டி-யும் அப்படியே. செட்டியார் என்பதில் ஐ எழுத்துக்குப் பதில் ஒய் போட்டிருக்கும், பர்மா சம்பந்தப்பட்ட பழைய எழுத்துகளில் இதைப் பார்க்கலாம். வெறும் ‘செட்டி’ என்றும் இருக்கும். நகரத்தார் என்பதைக்கூட ஜி போடாமல் கே போட்டு, தமிழ் எழுத்துமுறைப்படி எழுதும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் உண்டு. இத்தனையையும் அடிக்கத் தேவையில்லை. சி, எச், இ, டி, டி என்று ஐந்து எழுத்து அடித்து ஒரு நட்சத்திரக் குறி வையுங்கள். செட்டி, செட்டியார், ஐ போட்டது, ஒய் போட்டது எல்லாம் ஒரே வலையில் விழும். செட்டிநாடும் சேர்ந்து விழும், பரவாயில்லை. நகரத்தாரையும் நாட்டுக்கோட்டையையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு பர்மா, ரங்கூன், மியான்மர் மூன்றும் வேண்டும். நாட்டின் பெயர் 1989-ல்தான் மாறியது. அதற்கு முன் எழுதியவர்கள் யாரும் மியான்மர் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

விஷயம் என்ற கட்டத்தில்தான் அந்த மாணவி தடுமாறினார். ‘வட்டி’ என்பதை நேராக ஆங்கிலப்படுத்தினால் ‘இன்ட்ரஸ்ட்’ என்று வரும். அந்தச் சொல் எல்லாக் கட்டுரையிலும் ஏதாவது ஒரு பொருளில் இருக்கும். பொருளியல் ஆட்கள் இதை மணிலெண்டிங், ரூரல் கிரெடிட், இண்டிஜினஸ் பேங்கிங் என்று சொல்வார்கள். கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நெல் வயல்கள் செட்டியார் கைக்குப் போன கதைதான் அந்த 1930-கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லேண்ட் ஏலியனேஷன். இந்தச் சொல் கிடைத்த பிறகுதான் அவருக்கு நல்ல கட்டுரைகள் வர ஆரம்பித்தன.

அந்தச் சொல் எங்கே கிடைத்தது என்றால், முதலில் கிடைத்த ஒரே ஓர் உருப்படியான கட்டுரையின் சுருக்கத்தில். ஒரு நல்ல கட்டுரை அகப்பட்டால் அதன் தலைப்பு, சுருக்கம், அடியில் கொடுத்திருக்கும் திறவுச்சொற்கள் மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தேடலுக்கான சொற்கள் அங்கேதான் இருக்கின்றன.

ஆண்ட், ஆர், நாட் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு கட்டத்துக்குள் இருக்கும் சொற்களை ‘ஆர்’ போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையில் ‘ஆண்ட்’. அவ்வளவுதான். இவற்றைப் பெரிய எழுத்தில் அடிப்பது நல்லது. சில இடங்களில் சின்ன எழுத்தில் அடித்தால் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறி. ஜேஸ்டோரில் இன்னொரு வசதி உண்டு. மேற்கோளுக்குள் இரண்டு சொல்லைப் போட்டு, வெளியே டில்டே என்ற நெளிகோடும் 10 என்ற எண்ணும் சேர்த்தால், அந்த இரண்டும் பத்துச் சொல் இடைவெளிக்குள் வரும் கட்டுரைகள் மட்டும் வரும். ‘செட்டியார்’ ஓரிடத்திலும் ‘கடன்’ முப்பது பக்கம் தள்ளியும் வரும் கட்டுரைகளை இது கழித்துவிடும்.

‘நாட்’ போடுவதில் கவனம் தேவை. சமையல் வேண்டாம் என்று ‘ஃபுட்’ என்ற சொல்லை விலக்கினால், நகரத்தார் திருமணச் சடங்கு பற்றிய அருமையான கட்டுரையும், விருந்து பற்றி ஒரு வரி இருப்பதற்காகப் போய்விடும்.

எல்லாக் குறியும் எல்லா இடத்திலும் எடுபடாது. கூகுள் ஸ்காலரிலும், அறிவியல் இதழ்களின் டேட்டாபேஸான சயின்ஸ்டைரக்டிலும் நட்சத்திரக் குறி சொல்லை நீட்டிக்காது. சயின்ஸ்டைரக்டில் ஒரே தேடலில் ஆண்ட், ஆர் எல்லாம் சேர்த்து எட்டுக்கு மேல் போடவும் முடியாது. அங்கெல்லாம் சொற்களைப் பிரித்துப் பிரித்து இரண்டு மூன்று தேடலாகச் செய்யுங்கள்.

நாங்கள் சயின்ஸ், சிவில் மாணவர்கள். எங்களுக்கும் இதே வழிதானா?

அதே வழிதான், பெயர்கள்தான் வேறு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் பளபளப்பைப் பற்றி ஆராய வருபவர்கள் ‘செட்டிநாடு பிளாஸ்டர்’ என்று தேடுவார்கள். கிடைப்பது கொஞ்சம். சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பதை ஆராய்ச்சி செய்தவர்கள் ஊர்ப் பெயரையே எழுதியிருக்க மாட்டார்கள். லைம் மார்ட்டர், ஆர்கானிக் அடிட்டிவ்ஸ் என்று எழுதியிருப்பார்கள். கடுக்காய்க்கு டெர்மினாலியா செபுலா என்ற தாவரவியல் பெயர்தான் நிற்கும். ஆத்தங்குடி கல்லுக்கும் இதேதான்: சிமெண்ட் டைல், ஹைட்ராலிக் டைல். முற்றம், வளவு பற்றியென்றால் கோர்ட்யார்டு ஹவுஸ், பாசிவ் கூலிங்.

வேதியியல்காரர்களுக்கு வீட்டு வாசலிலேயே சிக்ரி இருக்கிறது. மின்வேதியியலுக்கென்று 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்ட தேசிய ஆய்வகம். அரிப்பு, மின்கலம், மின்முலாம் பற்றித் தலைப்பு எடுப்பவர்கள், ஆசிரியர் பணியிடம் என்ற புலம் (தனியாகத் தேடக்கூடிய பதிவுப் பகுதி) இருக்கும் டேட்டாபேஸில் ‘காரைக்குடி’ என்று போட்டுப் பாருங்கள். காரைக்குடிக்கும் ஒரு கே, இரண்டு கே என்று இரண்டு எழுத்துக்கூட்டு உண்டு, மறக்க வேண்டாம். மண்டபம் கடற்கரையில் உலோகங்களை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்துப் பார்த்த ஆய்வுகள் பல இங்கிருந்து போனவைதான்.

தமிழிலேயே தேடலாமா?

தேட வேண்டும். நகரத்தார் வாழ்க்கை பற்றித் தமிழில் இருப்பதில் பெரும்பங்கு ஆங்கிலத்தில் இல்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், ஐந்தொகை, நடப்பு வட்டி, தவணை வட்டி போன்ற சொற்கள் தமிழ் நூல்களில் சரளமாக வரும். ஆங்கிலக் கட்டுரையில் மேலாள், அடுத்தாள் எல்லோரையும் ‘ஏஜெண்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். திருமண ஒப்பந்தமான இசைகுடிமானம், செய்முறைகளைக் குறித்துவைக்கும் முறைச்சிட்டை போன்றவற்றை ஆங்கிலத்தில் எந்தச் சொல் போட்டுத் தேடுவது? தமிழில்தான் தேட வேண்டும்.

ஆனால் தமிழ்த் தேடலில் மூன்று சிக்கல் இருக்கிறது. முதலாவது, வேற்றுமை உருபு. ‘செட்டிநாடு’ என்று தேடினால் ‘செட்டிநாட்டின்’, ‘செட்டிநாட்டுக் கட்டடக்கலை’ வராமல் போகலாம். ‘செட்டிநாட்டு’ என்றும் ஒருமுறை தேடுங்கள். ‘வீடு’ என்றால் ‘வீட்டு’, ‘நகரத்தார்’ என்றால் ‘நகரத்தாரின்’. சொல்லைச் சேர்த்தும் பிரித்தும் பாருங்கள்: ‘நாட்டுக்கோட்டை’, ‘நாட்டுக் கோட்டை’.

இரண்டாவது, எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த பிடிஎஃப்களில் திரையில் தமிழ் தெரியும், உள்ளே ஏதோ ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஸ்கேன் செய்த பழைய நூல்கள் வெறும் படம். இவற்றுக்குள் தேட முடியாது. பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பட்டியல் போட்டவரின் எழுத்துக்கூட்டு. சில நூலகங்களில் தமிழ் நூலின் பெயரை ஆங்கில எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியும் வைத்துப் பதிந்திருப்பார்கள். தமிழில் கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடுங்கள்.

பழைய தமிழ் அச்சுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் ரோஜா முத்தையா. நூல், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஒன்றையும் விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் நூலகமாக நிறுவப்பட்டது. நம் ஊர் பற்றிய ஆய்வுக்கு நம் ஊர்க்காரர் ஒருவர் சேர்த்துவைத்ததே இன்று பெரிய ஆதாரமாக இருக்கிறது. கோட்டையூர் பிள்ளைகள் பலருக்கே இது தெரியவில்லை. பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பொருளைப் பார்க்க நேரில் போக வேண்டியிருக்கும். போவதற்கு முன் பட்டியலில் தேடி, வேண்டியதன் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

சோத்கங்காவில் இருப்பது முனைவர் பட்ட ஆய்வேடு. இளங்கலை மாணவருக்கு அது எதற்கு?

முழுதும் படிக்கச் சொல்லவில்லை. உங்கள் தலைப்புக்குப் பக்கத்துத் தலைப்பில் ஒருவர் மூன்று நான்கு ஆண்டு செலவழித்துத் தேடி, கடைசியில் துணைநூற்பட்டியல் என்று ஒன்று போட்டிருக்கிறார். அதை முதலில் திறங்கள். சோத்கங்காவில் ஆய்வேடு அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்பாக இருப்பதால் இது சுலபம். அடுத்து, முன்னாய்வுகள் பற்றிய இரண்டாம் அத்தியாயம். எந்த நூலை யார் முக்கியமென்று சொல்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

தேடும்போது தலைப்புச் சொல்லோடு நின்றுவிடாமல், பல்கலைக்கழகம், துறை வழியாகவும் உள்ளே போய்ப் பாருங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை, தமிழ்த் துறை, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று வரிசையாகத் தலைப்புகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். அழகப்பா பல்கலைக்கழகம் தொடங்கியதே 1985-ல்தான், அதற்கு முந்தைய ஆய்வேடுகளை வேறு பல்கலைக்கழகங்களில் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஆய்வேட்டில் ஒருவர் மேற்கோள் காட்டியதை அப்படியே எடுத்து, மூல நூலை நீங்களே பார்த்ததுபோல எழுதாதீர்கள். பக்க எண் தப்பாக இருந்தால் வைவாவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். மூலத்தைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ‘இன்னார் வழியாக’ என்று குறிப்பிடுங்கள்.

நேர்மாறாக, ஆயிரக்கணக்கில் வருகிறது. எதைப் படிப்பது?

தேடலைத் தலைப்புப் புலத்துக்கு மட்டும் சுருக்குங்கள். அப்படியும் நிறைய வந்தால் ஆண்டையும் பாடப்பிரிவையும் வைத்து வடிகட்டுங்கள். சுருக்கம் என்ற புலத்தை மட்டும் நம்பாதீர்கள். மானுடவியல், வரலாறு இதழ்களில் பழைய கட்டுரைகள் பலவற்றுக்குச் சுருக்கமே கிடையாது.

அப்புறம் மேற்கோள் வழியைப் பிடியுங்கள். நகரத்தார் வணிகம் பற்றி டேவிட் ரட்னர் எழுதிய நூலைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1994-ல் வெளியிட்டது; இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதன் துணைநூற்பட்டியலில் 1994-க்கு முந்தைய முக்கியமானவை கிடைக்கும். அதே நூலைக் கூகுள் ஸ்காலரில் தேடி, கீழே ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்ற இணைப்பை அழுத்தினால், 1994-க்குப் பிந்தையவை வரும். அந்தப் பட்டியலுக்குள்ளும் ஒரு சொல் போட்டுத் தேடலாம். ஒரே நூலை வைத்துக்கொண்டு பின்னாலும் முன்னாலும் போக இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

கட்டுரை காசு கேட்கிறதே?

காசு கட்டாதீர்கள். கூகுள் ஸ்காலரில் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதை அழுத்துங்கள். ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டிருக்கலாம். அன்பேவால் என்ற நீட்டிப்பை உலாவியில் போட்டுக்கொண்டால் இலவசப் பிரதி இருந்தால் காட்டிவிடும். இல்லையென்றால் நூலகரிடம் முழு விவரமும் கொடுங்கள், வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முயல்வோம். ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதலாம். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

சாட்ஜிபிடியே இருபது நூற்குறிப்பு கொடுத்துவிட்டதே, அதைப் போடலாமா?

ஒவ்வொன்றையும் டேட்டாபேஸில் கண்ணால் பார்க்காமல் போடக் கூடாது. அது தரும் குறிப்பில் ஆசிரியர் நிஜமாக இருப்பார், இதழும் நிஜமாக இருக்கும், அப்படியொரு கட்டுரை மட்டும் இருக்காது. டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) கொடுத்திருந்தால் அதைத் திறந்து பாருங்கள், வேறு கட்டுரைக்குப் போனாலும் போகும். மேலே சொன்ன மூன்று கட்டத்தை நிரப்ப, மாற்றுச் சொற்கள் கேட்க அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. அங்கே அது நன்றாகவே உதவுகிறது.

எங்கள் வீட்டிலேயே ஐயா காலத்துப் பேரேடும் கடிதங்களும் இருக்கின்றன. அதை வைத்தே எழுதக் கூடாதா?

தாராளமாக எழுதலாம். அப்படியொன்று இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ரங்கூனிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வந்த கடிதமும், கடைக் கணக்கும், இசைகுடிமான ஓலையும் எந்த டேட்டாபேஸிலும் இல்லாத மூல ஆதாரம். ஆனால் அதில் இருப்பதன் பொருள் விளங்க டேட்டாபேஸ் வேண்டும். பேரேட்டில் 1931-ல் வரவு திடீரென்று குறைந்திருக்கிறது என்றால், அது அந்த ஒரு கடையின் கதையா, பர்மா முழுவதும் அப்படியா என்று யார் சொல்வது? 1929-30-ல் பர்மாவில் அரசு நடத்திய வங்கித்தொழில் விசாரணைக் குழுவின் அறிக்கையில் செட்டியார்கள் பற்றி விரிவாகவே இருக்கிறது. அதையும் பிற்காலக் கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் உங்கள் பேரேடு பேசும்.

வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு, பக்கங்களை வெளிச்சத்தில் படமெடுத்து, எந்த ஆண்டு, யார் கைவசம் என்று குறித்துவையுங்கள். பெயரைப் போட வேண்டாமென்று அவர்கள் சொன்னால் போடாதீர்கள்.

எவ்வளவு தேடினால் போதும்?

எண்ணிக்கை உங்கள் கைடு சொல்வதுதான். ஆனால் ஓர் அடையாளம் உண்டு: சொற்களை மாற்றி மாற்றித் தேடியும் அதே ஆசிரியர்கள், அதே கட்டுரைகள் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டேட்டாபேஸில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்ததற்குப் போகலாம், அல்லது எழுத உட்காரலாம்.

ஒவ்வொரு தேடலையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, டேட்டாபேஸ், அடித்த சொற்கள், எடுத்த கட்டுரைகள். நூற்குறிப்புகளைச் சேர்த்துவைக்க ஜோடெரோ என்ற இலவச மென்பொருள் போதும். உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் தானாக ஏறிவிடும். தமிழ்ப் பெயர்களை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள், தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு தலைகீழாகப் பதிந்துவிடும்.

நூலகரைப் பார்க்க வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று சொல்பவருக்கு உதவுவதைவிட, ‘இந்தச் சொற்களை இங்கே போட்டேன், இது வந்தது’ என்று காட்டுபவருக்கு உதவுவது எங்களுக்கு எளிது.